அரை மணி நேர வேலையா? பழைய ஜீபீ9-க்குள் டிஜிட்டல் ஒலி

வாசகர் ஒருவரின் கேள்வி, 2023 நவம்பர் 11

அண்ணை, போன கிழமை பழைய சாமான் சந்தையில் 25 டொலருக்கு எச்ஓ அளவு (நிஜத்தில் 87-இல் ஒரு பங்கு) மாதிரி ரயில் எஞ்சின், ஜீபீ9 டீசல் ஒன்று வாங்கினேன். சிஎன் (கனேடிய தேசிய ரயில்வே) நிறம். கொஞ்சம் சத்தம் போடுகிறது, ஆனால் ஓடுகிறது. ஒலி டிகோடர் (கட்டளையைக் கேட்டு மோட்டரையும் ஒலியையும் இயக்கும் சிறு பலகை) போடுவது அரை மணி நேர வேலை என்று ஒரு காணொளியில் பார்த்தேன். டிகோடர் வாங்கியாயிற்று. எந்த வயரை எங்கே ஒட்டுவது என்று மட்டும் சொன்னால் போதும்.

2023 நவம்பர் 12

சத்தம் போடுகிற வண்டிக்கு எதற்குத் தம்பி ஒலி? ஏற்கெனவே இருக்கிறதே.

காணொளியில் பார்த்தது புதிய வண்டியாக இருக்கும். எட்டு ஊசிச் சொருகியும் ஸ்பீக்கருக்கான குழியும் தொழிற்சாலையிலேயே வைத்துவிடுவார்கள். அதற்கு அரை மணி நேரம் கூட வேண்டாம். உங்களுடையது டிசிசி (தண்டவாளம் வழியே டிஜிட்டல் கட்டளை அனுப்பும் முறை) வருவதற்கு முந்தைய காலத்து வண்டி. உள்ளே சொருகியும் இல்லை, இடமும் இல்லை.

டிகோடரை இழுப்பறையில் வைத்துவிட்டு, பழைய நேர்மின் (டிசி) பெட்டியில் வண்டியைப் பத்து நிமிடம் முன்னும் பின்னும் ஓட்டிப் பாருங்கள். டிசிசி தண்டவாளத்தில் மட்டும் ஏற்றிவிட வேண்டாம். டிகோடர் இல்லாத மோட்டருக்கு அங்கே நொடிக்குப் பல ஆயிரம் தடவை திசை மாறும் மின்சாரம் போகும். வண்டி நகராமல் நின்று இரையும், சூடேறும்.

அதே நாள், இரவு

ஒன்று விட்டுப்போனது. மிக மெதுவாக ஓடும்போது "டிக், டிக்" என்று கேட்கிறதா? சில்லு ஒரு சுற்றுக்கு எத்தனை டிக் என்று எண்ணிச் சொல்லுங்கள்.

2023 நவம்பர் 18

சில்லு சுற்றுக்கு ஒரு டிக் என்கிறீர்கள். நினைத்ததுதான், அச்சிலுள்ள பற்சில்லு வெடித்திருக்கிறது.

என்னிடமும் இதே வயது ஜீபீ9 ஒன்று இருக்கிறது. டொரன்டோ ஸ்காபரோ வீட்டு நிலவறையில் பதினொரு வருடமாகப் பெட்டிக்குள் கிடந்தது. உங்கள் கடிதம் வந்த பிறகுதான் அதையும் எடுத்துத் திறந்தேன். நீங்கள் செய்வதையெல்லாம் நானும் செய்துகொண்டே எழுதுகிறேன். எனவே நான் சொல்வதில் பிழை இருந்தால் இரண்டு வண்டியும் ஒன்றாகவே கெடும்.

போகியின் (சில்லுகளைத் தாங்கும் அடிச்சட்டத்தின்) அடித்தட்டைக் கழற்றினால் அச்சுகள் அப்படியே வெளியே வரும். நடுவில் வெள்ளைப் பிளாஸ்டிக் பற்சில்லு, இரண்டு பக்கமும் அரை அரை அச்சு இறுக்கமாகச் சொருகியிருக்கும். வருடக்கணக்கில் உலோகம் உள்ளேயிருந்து நெம்ப, பிளாஸ்டிக் ஒரு கோடாகப் பிளந்துவிடும். வெடிப்பு வெறுங்கண்ணுக்குத் தெரியாது. நான் ஜன்னலோரம் கொண்டுபோய் நகத்தால் தடவினேன், ஓரிடத்தில் நகம் தட்டியது. அந்த இடத்தில் இரண்டு பற்களுக்கு இடையேயான தூரம் மற்றவற்றைவிட ஒரு மயிரளவு கூடுதல். அந்த மயிரளவுதான் டிக்.

ஒட்டிவிடலாமா என்று கேட்க வேண்டாம். அந்தப் பிளாஸ்டிக்கில் பசை பிடிப்பதில்லை. புதிய பற்சில்லுகள் தனியாகக் கிடைக்கின்றன, நாலையும் ஒன்றாக மாற்றுங்கள். ஒன்று வெடித்தால் மற்ற மூன்றும் வரிசையில் நிற்கின்றன என்று பொருள்.

உள்ளே பழைய கிரீஸ் இறுகிப் பனங்கட்டி போல இருக்கும். ஐசோபுரொப்பைல் அல்ககோலில் பழைய பல்துலக்கியைத் தோய்த்துத் தேய்த்து எடுங்கள். பிறகு பிளாஸ்டிக்கைக் கெடுக்காத எண்ணெய், ஊசி முனையில் ஒரு துளி. தோசைக்கல்லுக்கு விடுவது போல விட்டால் அது ஒரு நாள் தண்டவாளத்துக்கு வரும், பிறகு சில்லு வழுக்கும், மின்சாரமும் சரியாக ஏறாது.

2023 நவம்பர் 19

திருத்தம். ஒட்டவே முடியாது என்று நேற்று அடித்துச் சொன்னேன். பற்சில்லின் கழுத்தில் மெல்லிய பித்தளை வளையம் இறுக்கி, பிளவை மூடி ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பாகம் கிடைக்காத வண்டிக்கு அது நல்ல வழி. எனக்குக் கை நடுங்குகிற வயது, நான் செய்யமாட்டேன்.

இன்னொன்று. அரை அச்சுகளைத் திரும்பச் சொருகும்போது இரண்டு சில்லுகளுக்கு இடையேயான அகலத்தை என்எம்ஆர்ஏ (அமெரிக்க மாதிரி ரயில் சங்கம்) அளவுத்தகட்டால் பாருங்கள். எச்ஓ பாதையின் அகலம் 16.5 மில்லிமீட்டர். கண் அளவில் சரி என்று நினைத்ததை முதல் கிளைப்பாதையில் வண்டி தடம் இறங்கிக் காட்டிக்கொடுக்கும். எனக்குக் காட்டிக்கொடுத்தது.

2023 நவம்பர் 26

இப்போது மின்சாரம். இதை நிதானமாகப் படியுங்கள், இங்கேதான் காசு எரியும்.

டிசிசியில் மோட்டரின் இரண்டு முனைகளும் டிகோடரைத் தவிர வேறு எதையும் தொடக்கூடாது. பழைய வண்டிகளில் மோட்டரின் கீழ்ப்புறத் தகடு உலோகச் சட்டத்தில் நேராகப் பதிந்திருக்கும். சட்டம் ஒரு பக்கத் தண்டவாளத்தோடு தொடர்பில் இருக்கும். நேர்மின் காலத்தில் அது சிக்கனமான வழி, ஒரு வயர் மிச்சம். டிகோடர் போட்டுவிட்டு அதை மறந்தால் தண்டவாள மின்சாரம் டிகோடரின் மோட்டர் வாசலுக்குள் பின்புறமாக ஏறும்.

தகட்டின் நாக்குகளை வெட்டி, கீழே கெப்டன் நாடா (மின்சாரம் கடத்தாத ஒட்டுநாடா) ஒட்டி, மோட்டரைத் திரும்ப வைத்தேன். மல்டிமீட்டர் ஒலிக்கவில்லை, மோட்டருக்கும் சட்டத்துக்கும் தொடர்பில்லை என்று பொருள். திருப்தியோடு மேல்மூடியைப் பூட்டித் தண்டவாளத்தில் வைத்தேன். மூன்று விநாடி. இரும்புக் கடைக்குப் பின்னால் வயர் எரித்துச் செம்பு எடுப்பார்களே, அந்த மணம்.

நடந்தது இதுதான். மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தபோது மோட்டரைப் பிடிக்கும் திருகாணிகளை இறுக்கியிருக்கவில்லை. இறுக்கியதும் ஒரு திருகாணியின் முனை நாடாவைத் துளைத்துத் தகட்டைத் தொட்டுவிட்டது. முற்றிலும் இறுக்கிய பிறகு பாருங்கள், மேல்மூடி போடும் முன் மறுபடி பாருங்கள். 120 டொலர் கொடுத்து நான் படித்த பாடம், உங்களுக்கு இலவசம்.

வயர் நிறங்கள்: சிவப்பு வலது தண்டவாளத்துக்கு, கறுப்பு இடதுக்கு. செம்மஞ்சளும் சாம்பலும் மோட்டருக்கு. வெள்ளை முன்விளக்கு, மஞ்சள் பின்விளக்கு, நீலம் விளக்குகளுக்கெல்லாம் பொதுவான நேர்முனை. வண்டி முன்னே போகச் சொன்னால் பின்னே போகிறதா? செம்மஞ்சளையும் சாம்பலையும் மாற்றிவிடுங்கள்.

பழைய குமிழ்விளக்கைப் பிடுங்கி எறிந்துவிட்டு எல்இடி போடுங்கள். நீண்ட கால் நீலத்துக்கு, குட்டைக் கால் 1,000 ஓம் தடையி ஊடாக வெள்ளைக்கு. (ரெசிஸ்டரைத் தடையி, கெப்பாசிட்டரைக் கொள்ளளவி என்று நான் எழுதுவதைப் பார்த்துச் சென்னை நண்பர் ஒருவர் சிரிக்கிறார். உயர்தர வகுப்பில் எங்களுக்கு அப்படித்தான் சொல்லித்தந்தார்கள், இனி மாற்றமாட்டேன்.)

2023 டிசம்பர் 3

இரண்டாவது டிகோடர் வந்துவிட்டது. மனைவி பொதியைக் கையில் எடுத்துப் பார்த்து, "இதுவும் மணக்குமா?" என்று கேட்டார்.

இந்த முறை, முன்பே செய்திருக்க வேண்டிய ஒன்றைச் செய்தேன். மோட்டருக்கு நேரடியாக 12 வோல்ட் கொடுத்து, மோட்டர் தண்டிலுள்ள கனத்த சில்லை விரலால் பிடித்து நிறுத்தி, அப்போது எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்று பார்த்தேன். 1.4. டிகோடர் தொடர்ந்து தாங்குவது 1 ஆம்பியர். வண்டி எங்காவது சிக்கி நின்றால் இதுவும் போயிருக்கும். மோட்டரைக் கழற்றிக் கரித்துண்டுகளையும் அவை உரசும் செம்பு வளையத்தையும் துடைத்ததும் 0.8-க்கு இறங்கியது. எனவே போன கிழமை எரிந்ததற்குத் திருகாணி மட்டும்தான் காரணமா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. இல்லை, திருகாணிதான். மூன்று விநாடியில் எரிந்தது, வண்டி நகரக்கூட இல்லை.

2023 டிசம்பர் 10

ஸ்பீக்கர். எல்லோரும் டிகோடருக்குக் காசைக் கொட்டுவார்கள், ஸ்பீக்கரைக் கையில் அகப்பட்ட மூலையில் சொருகிவிடுவார்கள்.

தவிலிலிருந்து பலாமரக் கட்டையை எடுத்துவிட்டுத் தோலை மட்டும் தட்டினால் என்ன கேட்கும்? ஸ்பீக்கரும் அப்படித்தான். அதன் தகடு முன்னே தள்ளும் காற்றும் பின்னே இழுக்கும் காற்றும் ஒன்றோடொன்று கலந்தால் ஒன்றையொன்று தின்றுவிடும். பின்புறத்தை ஒரு பெட்டியில் அடைத்தால்தான் கனம் வரும்.

கைபேசிகளில் வருவது போன்ற 11-க்கு 15 மில்லிமீட்டர் ஸ்பீக்கரைப் பெட்டியில்லாமல் ஓட விட்டேன், வெறும் ரீங்காரம். நுளம்பு. அதே ஸ்பீக்கரை வெற்றுத் தீப்பெட்டியின் மேல் வைத்து விரலால் அழுத்தினேன், எஞ்சின் வந்தது. விரலைச் சற்று உயர்த்தினேன், மறுபடி நுளம்பு. ஐந்து நிமிடம் இதையே செய்துகொண்டிருந்தேன்.

பெட்டியைப் பிளாஸ்டிக் தகட்டில் செய்யலாம். மூலைகளில் காற்றுக் கசியக்கூடாது. வயர் நுழையும் துளையை மறந்துவிடுவோம், அதையும் ஒட்டிமூடுங்கள். ஜீபீ9-இன் நீண்ட மூடிக்குள் இரண்டு ஸ்பீக்கர் தாராளமாகப் போகும். 8 ஓம் இரண்டை இணையாகக் கொடுங்கள், ஒலி இன்னும் கனக்கும்.

2023 டிசம்பர் 11, காலை 6 மணி

நிறுத்துங்கள். இணையாகக் கொடுக்க வேண்டாம்! 8 ஓம் இரண்டை இணைத்தால் 4 ஓம். என் டிகோடர் 4 ஓமைத் தாங்கும். நீங்கள் வாங்கியதன் தாளில் குறைந்தது 8 என்று போட்டிருப்பதாக முதல் கடிதத்துக்குப் பிறகு எழுதியிருந்தீர்கள், நான் மறந்துவிட்டேன். தொடராகக் கொடுங்கள், 16 ஓம் வரும். ஒலி சற்றுக் குறையும், டிகோடர் பிழைக்கும். இரவு படுக்கையில் நினைவு வந்து எழுந்தேன்.

2023 டிசம்பர் 24

வெளியே பனி, உள்ளே ஓட்டம். வண்டி உயிர்பெற்றுவிட்டது.

புதிய டிகோடர் எல்லாவற்றுக்கும் முகவரி 3 என்று தொழிற்சாலையிலேயே எழுதிவிடுவார்கள். வண்டியின் எண்ணுக்கு அதை மாற்றுவது வழக்கம். இதற்கென்று தனியே ஒரு துண்டுத் தண்டவாளம் வைத்து, அதில் அந்த வண்டியை மட்டும் நிறுத்திச் செய்ய வேண்டும். நான் அவசரத்தில் அந்தத் துண்டின் இணைப்பைப் பிரிக்காமலேயே செய்துவிட்டேன். தண்டவாளத்தில் நின்ற நாலு வண்டியும் ஒரே முகவரியை வாங்கிக்கொண்டன. குமிழைத் திருப்பியதும் நாலும் ஒன்றாகக் கிளம்பின. கோயில் வீதியில் சுவாமிகள் புறப்பட்டது போல இருந்தது, பேரன் கைதட்டினான்.

உங்கள் டிசிசி கட்டுப்பாட்டுப் பொறி, டிகோடரின் அமைப்புகளைப் படிக்கும்போது "பதில் இல்லை" என்று காட்டுவதாக எழுதியிருக்கிறீர்கள். டிகோடர் தன் பதிலை மோட்டரை ஒரு கணம் உதறித்தான் சொல்கிறது, 6 மில்லிவிநாடிக்கு 60 மில்லிஆம்பியர். மோட்டர் வயர் விட்டிருந்தால் அதற்கு வாய் இல்லை. பெரிய கொள்ளளவி சேர்த்திருந்தாலும் பதில் அதற்குள் அமுங்கிப்போகலாம். கொள்ளளவியைப் பிரித்துவிட்டுப் படித்துப் பாருங்கள்.

ஆனால் ஓடும்போது, சற்று மின்சாரம் சேர்த்துவைத்திருக்கும் அந்தக் கொள்ளளவி வேண்டும். ஒலி இல்லாத வண்டி அழுக்குத் தண்டவாளத்தில் ஒரு கணம் தயங்கினால் யாரும் கவனிப்பதில்லை. ஒலியுள்ள வண்டி மின்சாரம் அறுந்ததும் செத்து, மறுபடி முதலிலிருந்து ஸ்டார்ட் எடுக்கும். ஒரு வளைவுக்குள் மூன்று தடவை எஞ்சின் ஸ்டார்ட் ஆகிற ரயிலை உலகில் எங்கும் பார்க்க முடியாது.

2024 ஜனவரி 7

இது உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லாதது. விருப்பமில்லாவிட்டால் தாண்டிப் போங்கள்.

நான் ஏன் ஜீபீ9-ஐ வைத்திருக்கிறேன்? சிஎன் மேல் பெரிய பாசம் ஒன்றும் இல்லை. வந்த புதிதில் டொரன்டோவுக்கு வடக்கே வோன் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை. இரவு வேலை முடிந்து பஸ்ஸுக்கு நின்றபோது தூரத்து யார்டிலிருந்து ஒரு முழக்கம் வந்தது. கொடிகாமம் புகையிரத நிலையத்துக்குப் பின்னால் வளர்ந்தவனுக்கு அந்த முழக்கம் தெரியும். இலங்கையின் வடக்குப் பாதையில் எம்2 டீசல் எஞ்சின் வருகிற முழக்கம். 1990-இல் அந்தப் பாதை நின்ற பிறகு அதைக் கேட்டதில்லை. பிழையான நாட்டில், பூச்சியத்துக்குக் கீழே 20 பாகையில் கேட்டேன்.

பிழையான நாடு அல்ல என்று பிறகுதான் தெரிந்தது. எம்2 வகை கொழும்புத் திட்டம் என்ற நாடுகளிடை உதவித் திட்டத்தின் கீழ் 1954 முதல் கனடாவிலிருந்து வந்தது. கட்டியது ஒன்டாரியோ மாகாணத்து லண்டன் நகரில், இங்கிருந்து இரண்டு மணி நேரக் கார்ப் பயணம். அதனால்தான் அவற்றின் நெற்றியில் "ஒன்டாரியோ", "அல்பேர்ட்டா" என்று மாகாணப் பெயர்கள். சின்ன வயதில் அல்பேர்ட்டா என்பது யாரோ ஒரு வெள்ளைக்காரப் பெண் என்று நினைத்திருந்தேன்.

எம்2-க்கும் ஜீபீ9-க்கும் ஒரே குடும்பத்து எஞ்சின், ஜெனரல் மோட்டர்ஸின் ஈஎம்டி 567. ஒரு சிலிண்டர் 567 கன அங்குலம், ஏறத்தாழ 9.3 லீட்டர், அதனால் அந்தப் பெயர். ஜீபீ9-இல் 16 சிலிண்டர், எம்2-இல் 12. ஆகவே என் திட்டம்: டிகோடரில் இருக்கிற ஜீபீ9 ஒலிப்பதிவை எம்2 ஆக்குவது. இது இரண்டடிப்பு எஞ்சின், ஒவ்வொரு சுற்றிலும் எல்லாச் சிலிண்டரும் ஒரு தடவை வெடிக்கும். சும்மா நிற்கும்போது நிமிடத்துக்கு 275 சுற்று. 16 சிலிண்டருக்கு நொடிக்கு 73 வெடிப்பு, 12 சிலிண்டருக்கு 55. விகிதம் நாலுக்கு மூன்று. சங்கீதம் தெரிந்தவர்கள் பிடித்திருப்பீர்கள். எம்2 சட்ஜத்தில் நின்றால் ஜீபீ9 சுத்த மத்தியமத்தில் நிற்கிறது.

ஆகவே பதிவை முக்கால் வேகத்தில் ஓட விட்டால் எம்2. கணினியில் செய்து, லோக்புரோகிராமர் (டிகோடரில் ஒலி ஏற்றும் கருவி) வழியாக ஏற்றப் போகிறேன்.

2024 ஜனவரி 8

ஏற்றினேன். கடுமையான காய்ச்சலில் படுத்திருக்கும் ஜீபீ9 போல இருக்கிறது.

கணக்குச் சரி, எஞ்சின் தெரியாத கணக்கு. 567-இல் காற்றை உள்ளே தள்ளும் ரூட்ஸ் ஊதி ஒன்று இருக்கிறது. அது பற்சில்லுகளால் எஞ்சினோடு பூட்டப்பட்டிருப்பதால், அதன் கீச்சுக்குரல் சுற்று வேகத்தைப் பொறுத்தது, சிலிண்டர் எண்ணிக்கையைப் பொறுத்ததல்ல. நான் வெடிப்பை இறக்கும்போது அதையும் சேர்த்து இறக்கிவிட்டேன். பாட்டின் சுருதியைக் குறைக்கிறேன் என்று தாளத்தையும் இழுத்துவிட்டேன்.

அதைவிடப் பெரிய முட்டாள்தனம்: 55 ஆகட்டும், 73 ஆகட்டும், இந்த விரல்நக அளவு ஸ்பீக்கர் இரண்டையும் எழுப்பவே எழுப்பாது. அதற்குச் சில நூறு ஹெர்ட்ஸுக்கு மேலேதான் குரல். நாம் கேட்கிற கனம், மேலே இருக்கிற மடங்குச் சுரங்களைக் கொண்டு காது தானே கட்டிக்கொள்வது.

பழைய பதிவைத் திரும்ப ஏற்றிவிட்டேன்.

2024 ஜனவரி 9

உங்களுக்கு உதவுவதாகத் தொடங்கி என் கோச்சியைப் பற்றியே எழுதிக்கொண்டிருக்கிறேன். நீங்கள் கேட்டது: குமிழைத் திருப்பியதும் வண்டி பாய்கிறது, எஞ்சின் ஒலி பின்னால் ஓடிவருகிறது, என்ன செய்வது?

சிவி 3, சிவி 4 (சிவி என்பது டிகோடரின் அமைப்பு எண்) இரண்டின் மதிப்பையும் உயர்த்துங்கள். மூன்று வேகம் எடுப்பது, நாலு வேகம் தணிவது. டீசல் மின் எஞ்சினில் முதலில் எஞ்சின் உறுமும், மின்னாக்கி மின்சாரம் தரும், பிறகுதான் நூறு தொன் நகரும். நான் சிவி 3-க்கு 60, சிவி 4-க்கு 45 கொடுத்தேன். வண்டி நிற்கவேண்டிய இடத்தைத் தாண்டிப்போய் முட்டும், பழகிவிடும். கெடுத்துவிட்டால் பல டிகோடர்களில் சிவி 8-இல் 8 என்று எழுதினால் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பும்.

2024 ஜனவரி 20

அத்தான் வந்திருந்தார். எழுபத்து நாலு வயது, கொடிகாமத்து ஆள், ஸ்டேசனில் சாமான் ஏற்றி இறக்கியவர். ஒன்றும் சொல்லாமல் வண்டியை ஓடவிட்டேன்.

"அலாரம் மணி மாதிரி இருக்கிறது," என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. இரண்டு மாத வேலை. பிறகு தேநீருக்கு மேலே போனார். நான் கோபத்தில் வண்டியை நிறுத்தாமல் விட்டிருந்தேன். படியில் பாதி ஏறியவர் அப்படியே நின்றார். "இப்போது மிருசுவிலைத் தாண்டிவிட்டது," என்றார்.

அங்கே நாங்கள் அதை ஒரு முழம் தள்ளி நின்று கேட்டதில்லை. வயலுக்கு அப்பால், பனைகளுக்கு ஊடாக, வீட்டுக்குள் இருந்து கேட்டோம். அவர் போன பிறகு ஒலியளவைக் குறைத்தேன். ஈஎஸ்யு நிறுவனத்து டிகோடரில் அது சிவி 63, உச்சம் 192. நான் 170-இல் வைத்திருந்தேன். 90, 60, கடைசியில் 35. ஸ்பீக்கர் இரண்டில் ஒன்றின் வாயில் மெல்லிய பஞ்சுத்துண்டு ஒட்டினேன். கீச்சு அடங்கியது.

பெட்டி, தவில், தீப்பெட்டி என்று டிசம்பரில் நான் எழுதியதெல்லாம் உண்மைதான். ஆனால் ஒலியைக் கூட்டுவதற்காக அவ்வளவும் எழுதினேன், இப்போது குறைப்பதற்கு உதவுகிறது. நல்ல பெட்டி இருந்தால் குறைந்த ஒலியிலும் கனம் நிற்கிறது.

2024 ஜனவரி 21

உங்கள் வண்டி ஓடிவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். மகிழ்ச்சி. ஒலியை உச்சத்தில் வைத்திருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். வையுங்கள், நானும் ஒரு மாதம் அப்படித்தான் வைத்திருந்தேன்.

2024 ஜனவரி 21, இரவு

பின்னே ஓட்டும்போது என் வண்டியில் பின்விளக்கு எரியவில்லை. மஞ்சள் வயரை நாடாவில் சுற்றி ஓரமாக வைத்தது இப்போதுதான் நினைவு வருகிறது. மேல்மூடியைக் கழற்ற வேண்டும், ஸ்பீக்கர் பெட்டியைத் தூக்க வேண்டும், பஞ்சு வரும். நாளை.